அச்சுக்குக் கொடுக்குமுன் போட வேண்டிய கணக்கு

ஒரு நூலை 500 பிரதி அடிப்பதா, 1000 அடிப்பதா என்று அச்சகத்தில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஆயிரமாவே போட்டுடுங்க, அடக்கம் குறையும்." அச்சகத்தின் கணக்கில் அது முழுக்க உண்மை. பதிப்பாளர் பார்க்க வேண்டிய கணக்கு வேறு. விற்று, பணமாகிக் கைக்கு வந்த ஒவ்வொரு பிரதிக்கும் மொத்தச் செலவில் எவ்வளவு விழுந்தது என்பதே அது. தாள் விலை, கடைக்கு விட்டுக்கொடுக்கும் கழிவு, திரும்பி வரும் பிரதிகள், மின்னூல், சந்தா என்று பதிப்புத் தொழிலில் கடந்த இருபது ஆண்டுகளில் மாறிய எல்லாமே இந்தக் கணக்கைத்தான் மாற்றியிருக்கின்றன. அதை வரிசையாகப் போடும் முறையைக் கீழே பார்ப்போம்.

எந்த நாட்டுக்கும் எந்த நாணயத்துக்கும் பொருந்தட்டும் என்று புத்தகத்தின் அட்டை விலையை 100 அலகு என்று வைத்துக்கொள்கிறோம். மற்ற எல்லாத் தொகையும் அதே அலகில் வரும். உங்கள் அச்சக மதிப்பீட்டை அட்டை விலையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் அப்படியே பொருத்திப் பார்க்கலாம்.

சந்தைச் செய்தியைப் படிக்கும் முறை

"புத்தக விற்பனை 6 சதவீதம் உயர்வு" என்று ஒரு செய்தி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, உயர்ந்தது தொகையா, பிரதிகளின் எண்ணிக்கையா என்பதை. தொகை 6 சதவீதம் உயர்ந்து, சராசரி அட்டை விலை 8 சதவீதம் ஏறியிருந்தால், விற்ற பிரதிகள் ஏறக்குறைய 2 சதவீதம் குறைந்திருக்கின்றன (1.06-ஐ 1.08-ஆல் வகுத்தால் 0.98). உங்கள் அச்சு எண்ணிக்கையை முடிவு செய்ய உதவுவது பிரதிக் கணக்குதான். தொகைக் கணக்கை வைத்து அச்சடித்தால் கிடங்கு நிறையும்.

இரண்டாவது, ஒரே ஆண்டின் உச்சத்தை அளவுகோலாக வைக்கக் கூடாது. அமெரிக்காவில் 2021-ல் அச்சுப் புத்தக விற்பனை 82 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. ஊரடங்குக் கால வாசிப்பு அதற்குப் பெரிய காரணம். அடுத்த ஆண்டே அது 79 கோடிக்குக் கீழே இறங்கியது. குறைந்தது மூன்று ஆண்டுச் சராசரியாவது பார்க்க வேண்டும்.

மூன்றாவது, புதிய தலைப்பா, பழைய தலைப்பா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சந்தையில் அண்மை ஆண்டுகளில் விற்கும் அச்சுப் பிரதிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் பழைய தலைப்புகள். இணையக் கடையில் அலமாரிக்கு எல்லை கிடையாது, பத்து ஆண்டுக்கு முன் வந்த நூலும் ஒரு தேடலில் கிடைத்துவிடுகிறது. ஆகவே ஒரு புதிய நூல் இன்று வெளிவரும்போது, அந்த மாதம் வந்த நூல்களோடு, இதுவரை வந்து இன்னும் அச்சில் இருக்கும் எல்லா நூல்களோடும் போட்டி போடுகிறது. முதல் அச்சைச் சிறிதாகவும், மறு அச்சை விரைவாகவும் வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

தாள்: தொடங்க வேண்டிய இடம்

டெம்மி 1/8 என்ற புத்தக அளவில் 192 பக்க நூல் என்று வைத்துக்கொள்வோம். 23 × 36 அங்குலத் தாள் ஒன்றில் இருபுறமும் சேர்த்து 32 பக்கம் அடங்கும். 192-ஐ 32-ஆல் வகுத்தால் ஒரு பிரதிக்கு 6 தாள். 1000 பிரதிக்கு 6,000 தாள், அதாவது 500 தாள் கொண்ட ரீம் 12. ஓட்டம் சரிசெய்யவும் பைண்டிங்கில் போகும் சேதத்துக்கும் 5 சதவீதம் சேர்த்தால் 6,300 தாள், 12.6 ரீம்.

இதை எடைக்கு மாற்ற வேண்டும், ஆலைகள் தாளை எடைக்கு விற்பதால். 23 × 36 அங்குலம் என்பது 0.534 சதுர மீட்டர். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாள் ஒன்று 37.4 கிராம், ரீம் 18.7 கிலோ. 6,300 தாள் சுமார் 236 கிலோ. அச்சக மதிப்பீட்டில் தாளின் எடை இதைவிட 15 கிலோவுக்கு மேல் கூடியிருந்தால் காரணம் கேளுங்கள். பெரிய அளவுத் தாளை வெட்டி வீணாக்குவதாக இருக்கலாம், சேதக் கணக்கைக் கூட்டியிருக்கலாம். 500 பிரதி போன்ற சிறிய ஓட்டத்தில் சேதம் 8 முதல் 10 சதவீதம் வரை போவது இயல்பு. இயந்திரத்தில் மை சமநிலைக்கு வரும்வரை ஓடும் தாள் எண்ணிக்கை, ஓட்டம் சிறிதானாலும் குறையாது.

பக்க எண்ணிக்கையில் கவனம் தேவை. 16 பக்கம் ஒரு ஃபாரம். 192 பக்கம் என்றால் சரியாக 12 ஃபாரம். நூல் 196 பக்கத்தில் முடிந்தால் அந்த நாலு பக்கத்துக்காகத் தனியாக பிளேட் (அச்சுத் தகடு), தனியாக ஓட்டம், தனியாக மடிப்பு. அரை வெற்றுப் பக்கங்களைச் சேர்த்தும், வரி இடைவெளியை அரைப் புள்ளி குறைத்தும், முன்பக்கங்களைச் சுருக்கியும் 192-க்குள் கொண்டுவருவது வடிவமைப்பாளருக்கு ஒரு மணி நேர வேலை. இதை மெய்ப்பு முடிவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். கடைசி மெய்ப்புக்குப் பிறகு வரி ஓட்டத்தைத் தொட்டால் பொருளடக்கமும் பக்க எண்களும் தவறிப்போகும்.

70 ஜிஎஸ்எம்மிலிருந்து 60-க்கு இறங்கினால் தாள் எடையில் 14 சதவீதம் மிச்சமாகும், அஞ்சல் செலவும் குறையும். ஆனால் பின்பக்க எழுத்து தெரியத் தொடங்கும். கட்டுரை, நாவலுக்குத் தாங்கும். கறுப்புப் பரப்பு அதிகமுள்ள படங்கள் இருந்தால் தாங்காது. எடுக்கப்போகும் அதே தாளில் ஒரு வெற்று டம்மி (அச்சில்லாத மாதிரிப் புத்தகம்) கட்டித் தரச் சொல்லி வாங்கிப் பாருங்கள். முதுகின் தடிமனும் அதிலேயே தெரிந்துவிடும், அட்டை வடிவமைப்பில் முதுகு எழுத்து ஒருபக்கம் வழியாது.

தாள் விலை ஏன் இப்படி ஆடுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். செய்தித்தாள் பக்கங்கள் சுருங்கச் சுருங்க, ஆலைகள் பல எழுதுதாள், செய்தித்தாள் இயந்திரங்களை மூடின, அல்லது அட்டைப்பெட்டித் தாளுக்கு மாற்றின. இணைய வணிகத்துக்குப் பெட்டி வேண்டும், அதில் லாபம் கூடுதல். எஞ்சிய ஆலைகள் குறைவு என்பதால், தேவை சிறிது கூடினாலும் விலை துள்ளுகிறது. 2021, 2022-ல் உலகெங்கும் நடந்தது இதுதான். எனவே மதிப்பீட்டில் அது எத்தனை நாளுக்குச் செல்லும் என்று எழுதி வாங்குங்கள். தேதியில்லாத மதிப்பீட்டை நம்பி அட்டையில் விலையை அச்சிட வேண்டாம்.

எத்தனை பிரதி: கணக்கின் நடு

இப்போது எண்கள். எடிட்டிங், மெய்ப்பு, பக்க வடிவமைப்பு, அட்டை எல்லாம் சேர்த்து 9,000 அலகு. பிளேட்டும் இயந்திரம் தயார் செய்வதும் 3,000. இந்த 12,000 அலகு, பிரதி எத்தனையானாலும் மாறாத நிலைச் செலவு. தாள், ஓட்டம், பைண்டிங் பிரதிக்கு 17.

வரவுப் பக்கத்தில், 100 அட்டை விலையில் கடைக்கும் விநியோகஸ்தருக்கும் கழிவு 40. எழுத்தாளருக்கு ராயல்டி அட்டை விலையில் 10. கட்டி அனுப்பும் செலவு 3. பதிப்பகத்துக்கு விற்ற பிரதி ஒன்றுக்கு நிற்பது 47.

500 பிரதி: மொத்தச் செலவு 20,500. பிரதிக்கு 41. கைக்காசு திரும்ப 437 விற்க வேண்டும்.
1000 பிரதி: 29,000. பிரதிக்கு 29. திரும்ப 618 விற்க வேண்டும்.
2000 பிரதி: 46,000. பிரதிக்கு 23. திரும்ப 979 விற்க வேண்டும்.

அடக்கத்தை மட்டும் பார்த்தால் 2000 கவர்ச்சியானது. நூல் முதல் ஆண்டில் 700 பிரதி விற்றது என்று வைத்துப் பாருங்கள். வரவு 32,900. 2000 அடித்திருந்தால் 13,100 நட்டம், கிடங்கில் 1,300 பிரதி. 1000 அடித்திருந்தால் 3,900 லாபம், 300 பிரதி மிச்சம். 500 அடித்து, அது தீர்ந்ததும் 200 மறு அச்சு போட்டிருந்தால் மறு அச்சுக்குப் புதிதாக பிளேட் போட்ட 3,000-மும் சேர்த்து மொத்தச் செலவு 26,900. லாபம் 6,000, கிடங்கில் ஒரு பிரதியும் இல்லை. பிரதிக்கு அடக்கம் மிக அதிகமான வழிதான் இங்கே மிக அதிகமாகச் சம்பாதிக்கிறது.

இதே கணக்கில் 1000-மும் 12 மாதத்துக்குள் உறுதியாக விற்கும் என்றால் 1000 அடிப்பதே சரி. வரவு 47,000, லாபம் 18,000. ஆக, கேள்வி எண்ணிக்கை பற்றியது மட்டுமில்லை, 12 மாதத்தில் எத்தனை போகும் என்பதைப் பற்றியது. அதை மதிப்பிட அதே ஆசிரியரின் முந்தைய நூலின் முதல் ஆண்டு விற்பனையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நூல் என்றால் அதே துறையில் நீங்கள் வெளியிட்ட கடைசி ஐந்து நூல்களின் நடு எண்ணை எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரு நூல் ஓகோவென்று ஓடியிருந்தால் சராசரி பொய் சொல்லும். ஐந்தையும் வரிசைப்படுத்தி மூன்றாவதாக நிற்கும் எண்தான் வேண்டியது. முன்பதிவை முழுதாக நம்பலாம். வெளியீட்டு விழாக் கூட்டத்தையும் சமூக வலைதள விருப்பங்களையும் விற்பனையாக எண்ணக் கூடாது.

தேவைக்கேற்ப அச்சிடும் முறையான பிரின்ட் ஆன் டிமாண்ட் எப்போது லாபம் என்பதற்கும் ஒரு வகுத்தல் போதும். அதில் பிளேட் இல்லை, ஆனால் பிரதிக்கு அடக்கம் கூட, 34 என்று வைப்போம். பிளேட் வைத்து அடிக்கும் ஆப்செட் மறு அச்சில் 3,000 நிலைச் செலவு, பிரதிக்கு 17. வித்தியாசம் 17. 3,000-ஐ 17-ஆல் வகுத்தால் 176. மறு அச்சு 176 பிரதிக்குக் கீழே என்றால் பிரின்ட் ஆன் டிமாண்ட், மேலே என்றால் ஆப்செட். உங்கள் எண்களை இதே இடங்களில் போட்டு உங்கள் எல்லையைக் கண்டுபிடித்து, சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஆண்டுக்கு 30 பிரதி விற்கும் பழைய தலைப்புகளை உயிரோடு வைத்திருக்க இதைவிட நல்ல வழி கிடையாது. நல்ல நூல் "அச்சில் இல்லை" என்ற நிலைக்குப் போவது வாசகருக்கும் மொழிக்கும் இழப்பு, அப்படி விட்டுவிட இன்று காரணமே இல்லை.

கழிவும் ரிட்டர்னும்

விற்காத பிரதியைக் கடை திருப்பி அனுப்பலாம் என்ற வழக்கம் 1930-களின் பெருமந்தத்தில் அமெரிக்கப் பதிப்பகங்கள் கடைகளைத் தக்கவைக்கத் தொடங்கியது. மந்தம் போய்விட்டது, வழக்கம் நிலைத்துவிட்டது. 1000 அச்சடித்து 900 அனுப்பி, 700 விற்று, 200 திரும்பினால், அந்த 200-க்குப் போன செலவு 600, வந்த செலவு 600. மேலே கண்ட 3,900 லாபம் 2,700 ஆகும். திரும்பியதில் ஒரு பங்கு மூலை மடங்கி, அட்டை உரசி, புதிதாக விற்க முடியாத நிலையில் இருக்கும்.

ஆகவே "அனுப்பியது" என்பதை விற்பனையாகப் பதியாதீர்கள். பேரேட்டில் மூன்று பத்தி வையுங்கள்: அனுப்பியது, கடை விற்றதாகச் சொன்னது, பணம் வந்தது. ராயல்டி கணக்கு இரண்டாவது பத்தியில் போடுவதா, மூன்றாவதில் போடுவதா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். ராயல்டி அட்டை விலையிலா, கழிவு போக வரும் தொகையிலா என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். 10 சதவீதம் என்பது முதலாவதில் 10 அலகு, இரண்டாவதில் 6. எழுத்தாளருக்கும் பதிப்பகத்துக்கும் இடையே வரும் மனத்தாங்கலில் பெரும்பகுதி இந்த ஒரு வரி இல்லாததால் வருவது.

கழிவு அழுத்தம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜெர்மனியில் பதிப்பகம் குறித்த விலைக்கே எல்லாரும் விற்க வேண்டும். பிரான்சில் 1981-ன் சட்டப்படி கடைகள் 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தர முடியாது. பிரிட்டனில் 1900 முதல் இருந்த நிலைவிலை உடன்பாடு 1990-களில் முறிந்தது, அதன் பிறகு பெருங்கடைகளின் தள்ளுபடிப் போட்டி தொடங்கியது. நிலைவிலைச் சட்டம் இல்லாத இடத்தில் உங்கள் அட்டை விலையை நீங்கள் வைத்தாலும், வாசகர் செலுத்தும் விலையை வேறொருவர் வைப்பார். கழிவு 40-லிருந்து 55-க்குப் போனால் உங்கள் 47 சட்டென்று 32 ஆகும், 1000 பிரதி ஓட்டத்தில் செலவு திரும்ப 907 விற்க வேண்டும். பெருங்கடை ஒன்று 55 கேட்டால், திருப்பி அனுப்புவதில்லை என்ற நிபந்தனையோடு மட்டும் பேசுங்கள்.

நேரடி விற்பனையின் மதிப்பு இங்கேதான் புரியும். வாசகருக்கு 10 தள்ளுபடி, ராயல்டி 10, அஞ்சல் 8, பணப் பரிமாற்றக் கட்டணம் 2 போனால் 70 நிற்கும். கடைவழிப் பிரதி ஒன்றரைக்கு நேரடிப் பிரதி ஒன்று சமம். அதற்காகக் கடைகளை விட்டுவிடக் கூடாது, பெயர் தெரியாத நூலை வாசகர் கையில் எடுத்துப் புரட்டும் இடம் அது.

பணம் வரும் நாளையும் குறியுங்கள். அச்சகத்துக்குப் பாதி முன்பணம், மீதி பிரதி எடுக்கும்போது. விநியோகஸ்தரிடமிருந்து 90 முதல் 180 நாளில். லாபத்தில் ஓடும் பதிப்பகமும் இந்த இடைவெளியில் மூச்சுத்திணறும். அடுத்த நூலை அச்சுக்கு அனுப்பும் தேதியை, முந்தைய நூலின் முதல் தவணை வரும் தேதிக்குப் பின்னால் வையுங்கள்.

மின்னூலும் ஒலிநூலும்

மின்னூலுக்குச் செலவே இல்லை என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். எடிட்டிங், மெய்ப்பு, அட்டை எல்லாம் அதற்கும் உண்டு. அமேசான் கிண்டில் 2007-ல் வந்தது. அதன் சுயபதிப்புத் தளத்தில் அமெரிக்கச் சந்தைக்கு 2.99 முதல் 9.99 டாலருக்குள் விலை வைத்தால் 70 சதவீதப் பங்கு வரும், அந்த எல்லைக்கு வெளியே 35 சதவீதம்தான். அச்சு விலை 100-க்கு மின்னூல் 40 என்று வைத்தால், 70 சதவீதப் பங்கில் 28 வரும், எழுத்தாளருக்கு வரவில் கால்பங்கு போக 21 நிற்கும். 35 சதவீதப் பங்கில் 10.5 மட்டுமே. ஏற்கெனவே நிலைச் செலவு மீண்டுவிட்ட நூலில் அச்சுப் பிரதி ஒன்று தருவது 30 (47-ல் 17 போக). அச்சுக்குப் பதில் மின்னூல் வாங்குபவரால் சிறிது குறையும். வாங்கவே வழியில்லாத தொலைநாட்டு வாசகரால் முழு 21-ம் கூடும். எந்த நாடுகளிலிருந்து விற்பனை வருகிறது என்ற அறிக்கையை மாதம் ஒருமுறை பார்த்தால் எது நடக்கிறது என்று தெரியும்.

ஒலிநூல் வளர்கிறது. ஆனால் ஒரு மணி நேர ஒலிக்குப் பின்னால் பதிவு, திருத்தம், சரிபார்ப்பு என்று நான்கு முதல் ஆறு மணி நேர உழைப்பு இருக்கிறது. அச்சில் நன்றாகப் போன நூலில் தொடங்குங்கள். ஒலி உரிமை ஒப்பந்தத்தில் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அதற்குமுன் பாருங்கள்.

இதழ் நடத்துபவருக்கு

செய்தித்தாள்களின் கதை எல்லா இதழுக்கும் பாடம். அமெரிக்க நாளிதழ்களின் விளம்பர வருமானம் 2005-ல் சுமார் 4,900 கோடி டாலர். 2020-ல் அது 1,000 கோடிக்கும் கீழே போய், வாசகர் தரும் பணம் விளம்பரப் பணத்தை முந்தியது. வரி விளம்பரங்கள் இணையத்துக்கு முதலில் போயின, மற்றவை பின்தொடர்ந்தன. 2011-ல் இணையத்துக்குக் கட்டணம் வைத்த நியூயார்க் டைம்ஸ், 2023 முடிவில் ஒரு கோடிக்கும் மேலான சந்தாதாரர்களைச் சேர்த்திருந்தது. சிறிய இதழுக்கு இந்த அளவு வராது. பணம் வரும் திசை மட்டும் அதுவே.

கடைவழி இதழைப் பாருங்கள். தனி இதழ் விலை 100, முகவர் கழிவு 35. 1000 அச்சடித்து 600 விற்றால் வரவு 39,000. அச்சு பிரதிக்கு 30 என்றால் 30,000 போய், ஆசிரியர் குழுவுக்கும் எழுதுபவர்களுக்கும் 9,000. அதே 600 பேர் சந்தாதாரர்களாக இருந்தால், இதழ் 80, அஞ்சல் 12 போக 68. வரவு 40,800. 620 அச்சடித்தால் போதும். சிறிய ஓட்டம் என்பதால் பிரதிக்கு 36 ஆனாலும் செலவு 22,320. மீதி 18,480. இரண்டு மடங்கு. விற்காமல் கிடங்கில் கிடக்கும் 400 பிரதிதான் இந்த வித்தியாசம்.

சந்தாவில் பார்க்க வேண்டிய எண், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதைவிட எத்தனை பேர் நிலைக்கிறார்கள் என்பது. மாதம் 5 சதவீதம் பேர் விலகினால் 1000 பேரில் ஓராண்டில் 540 பேர் மிஞ்சுவர். 3 சதவீதம் என்றால் 694. அறிமுகச் சலுகையில் வந்தவர்களைத் தனியாக எழுதி வைத்து, முழு விலையில் புதுப்பித்த பிறகே சந்தாதாரர் எண்ணிக்கையில் சேருங்கள். விலகல்களில் ஒரு பங்கு விருப்பத்தால் நடப்பதில்லை, வங்கி அட்டை காலாவதியாகிப் பணம் எடுக்க முடியாமல் நடப்பது. முடிவுத் தேதிக்கு 30 நாள், 7 நாள் முன்னதாகவும், முடிந்து 10 நாள் கழித்தும் என்று மூன்று நினைவூட்டல்கள் போனாலே அதில் ஒரு பகுதியைத் தடுக்க வாய்ப்பிருக்கிறது.

சிற்றிதழ்களை வீழ்த்தும் பெரிய தவறு, ஆண்டுச் சந்தாவை வந்த மாதமே வருமானமாக எண்ணுவது. 12 இதழுக்கு 960 வாங்கினால், முதல் இதழ் போனதும் 80 மட்டுமே உங்களுடையது. மீதி 880 நீங்கள் வாசகருக்குப் பட்ட கடன். 600 சந்தாதாரர்களுக்கு அது 5,28,000. அந்தப் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, ஒவ்வொரு இதழும் அஞ்சலில் சேர்ந்த அன்று அதற்குரிய 48,000-ஐ மட்டும் நடப்புக் கணக்குக்கு மாற்றுங்கள். தனிக் கணக்கில் இருக்க வேண்டிய தொகைக்கும் இருக்கும் தொகைக்கும் இடையே இரண்டு இதழ் அளவுக்கு இடைவெளி விழுந்தால், அடுத்த இதழின் பக்கங்களைக் குறைப்பதா, விலையை ஏற்றுவதா என்று அந்த வாரமே முடிவெடுங்கள்.